வெப்சைட் வேலைக்கு விலை வைப்பது எப்படி: கோலாலம்பூரில் தனியாகத் தொழில் செய்பவருக்கு முழு வழிகாட்டி

என் முதல் வெப்சைட்டுக்கு 800 ரிங்கிட் வாங்கினேன். செந்தூல் பக்கம், கல்யாணம், கருமாதி, கோயில் அன்னதானம் என்று எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுக்கும் ஒரு குடும்பம். நல்ல மனிதர்கள், போகும்போதெல்லாம் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். "ஒரு வெப்சைட் வேணும் தம்பி" என்றார்கள், நான் 800 என்றேன், அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை நான்கு மாதம் இழுத்தது. மெனு மூன்று முறை மாறியது, படங்கள் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக வந்தன, மருமகன் வந்து பார்த்து நிறம் சரியில்லை என்றார், முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்ட அன்று தமிழிலும் வேண்டும் என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நோட்டில் மணிக்கணக்கை எழுதிப் பார்த்தேன். 100 மணியைத் தாண்டியிருந்தது. அதாவது மணிக்கு 8 ரிங்கிட் கூட இல்லை. இன்று நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 17 காசு.

அந்தக் குடும்பத்தின் மேல் தப்பே இல்லை. வெப்சைட் என்றால் எத்தனை பக்கம், எத்தனை திருத்தம், எத்தனை மொழி என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரியாது. வேலிக்கு அளவு சொல்லாமல் நிலத்தை விற்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள், கீழே வருவதெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான்: பேரம் பேசும்போது குறைய வேண்டியது வேலையின் அளவு. உங்கள் மணி நேரத்தின் மதிப்பைக் குறைக்கக் கூடாது. பேக்கேஜ் போடுவதே அதற்குத்தான்.

1. முதலில் உங்கள் வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று தேடித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் 399 ரிங்கிட்டுக்கு வெப்சைட் என்று ஒருவர் விளம்பரம் போடுவார், பெரிய ஏஜென்சி ஒன்று 15,000 கேட்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்வதில் அர்த்தமில்லை, ஏனென்றால் அவர்கள் வீட்டு வாடகையும் உங்கள் வீட்டு வாடகையும் வேறு. விலை உங்கள் செலவில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒரு உதாரணம் போடுவோம். அறை வாடகை, சாப்பாடு, மோட்டார், போன், வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து மாதம் 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 48,000. தொழில் செலவு தனி: மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய லேப்டாப்புக்கு ஒதுக்குவது, இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, பார்க்கிங், பெட்ரோல், இதற்கு 6,000. இன்னொரு 6,000 சேமிப்புக்கு. இந்தக் கடைசி 6,000-ஐப் பலர் மறந்துவிடுகிறார்கள். சம்பள வேலையில் 5,000 ரிங்கிட் வரை வாங்குபவருக்கு முதலாளி இபிஎஃப் என்ற ஓய்வுக்கால சேமிப்பு நிதியில் 13 விழுக்காடு போடுகிறார், தனியாகத் தொழில் செய்பவருக்கு அப்படிப் போட யாரும் இல்லை. இபிஎஃப்பின் சுயதொழில் திட்டமான ஐ-சாரான் வழியாக நாமே போட வேண்டும், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புக்கும் நாமே கட்ட வேண்டும். ஆக மொத்தம் 60,000.

இப்போது மணி. வருடத்தில் 52 வாரம், பண்டிகை, பொது விடுமுறை, காய்ச்சல், ஊருக்குப் போவது எல்லாம் கழித்தால் 46 வாரம் மிஞ்சும். வாரம் 40 மணி வேலை செய்தாலும் அதில் காசாகும் மணி பாதிதான். மீதி நேரம் கொட்டேஷன் எழுதுவதிலும், புதியவர்களைச் சந்திப்பதிலும், பணம் கேட்டு நினைவூட்டுவதிலும், புதிதாகக் கற்றுக்கொள்வதிலும் போய்விடும். வாரம் 20 மணி என்றால் வருடத்துக்கு 920 மணி. 60,000-ஐ 920-ஆல் வகுத்தால் மணிக்கு 65 ரிங்கிட் வருகிறது.

உங்கள் எண் வேறாக இருக்கும். பட்டர்வொர்த்தில் சொந்த வீட்டில் இருந்து வேலை செய்பவருக்கு 45 வரலாம், சேராஸில் வாடகை கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவருக்கு 90 வரலாம். அது என்னவாக இருந்தாலும் அதற்குக் கீழே போனால் வேலை நடந்துகொண்டே இருக்கும், கையில் ஒன்றும் தங்காது.

2. ஒரு வேலையை மணிகளாகப் பிரித்துப் பாருங்கள்

ஒரு சின்னக் கடைக்கு ஐந்து பக்க வெப்சைட். என் கணக்கு இப்படிப் போகிறது. முதல் சந்திப்பும் கேள்வித்தாளும் 3 மணி. அவர்களிடமிருந்து எழுத்து, படம், விலைப்பட்டியல் எல்லாம் வாங்கி ஒழுங்குபடுத்துவது 5. டொமைன் (தளத்தின் இணைய முகவரி), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் வாடகை சர்வர்) வாங்கி, தளத்தைக் கட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவுவது 3. முகப்புப் பக்கம் 8. மற்ற நான்கு பக்கங்கள் 8. படங்களைத் திருத்திச் சிறிதாக்குவது 3. ஃபார்ம், வாட்ஸ்அப் பட்டன், கூகுள் மேப் 3. பல போன்களில் திறந்து சோதிப்பது, வேகம் பார்ப்பது 3. இரண்டு சுற்றுத் திருத்தம் 5. ஒப்படைத்துச் சொல்லிக்கொடுப்பது 2. மொத்தம் 43 மணி.

கவனித்துப் பாருங்கள், இதில் பக்கம் வடிவமைப்பு என்று கண்ணுக்குத் தெரியும் வேலை 16 மணிதான். புதியவர்கள் அந்த 16-ஐ மட்டும் மனதில் வைத்து விலை சொல்லிவிட்டு மீதி 27 மணியைச் சும்மா கொடுத்துவிடுகிறார்கள்.

43-ஐ 65-ஆல் பெருக்கினால் 2,795. எதிர்பாராததற்கு 15 விழுக்காடு சேர்த்தால் 3,200-க்குப் பக்கத்தில் வருகிறது. அதுதான் விலை. இந்த மணிக்கணக்கு உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும், வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டாம். காட்டினால் "ஃபார்ம் வைக்க மூணு மணி நேரமா?" என்று ஒவ்வொரு வரியாகப் பேரம் நடக்கும். அவர் வாங்குவது முடிந்த தளத்தை. நீங்கள் வேகமாகி 35 மணியில் முடித்தால் அந்த லாபம் உங்களுக்கு, 50 ஆனால் அந்த நஷ்டமும் உங்களுக்கு.

முதல் ஐந்தாறு வேலைகளுக்கு மணியைக் கட்டாயம் குறித்து வையுங்கள். போனிலேயே ஒரு டைமர் போதும். ஊகித்த மணிக்கும் உண்மையான மணிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான் என் விலைகள் நிலைக்கு வந்தன.

3. மூன்று பேக்கேஜ் போதும்

நான் மூன்றுதான் வைத்திருக்கிறேன், பெயரும் தமிழில்தான். "முகவரி" என்பது ஒரே நீளமான பக்கம்: யார், என்ன செய்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், எப்படிக் கூப்பிடுவது. 18 மணி, 1,350 ரிங்கிட். "கடை" என்பது மேலே சொன்ன ஐந்து பக்கம், 3,200. "கல்லா" என்பது ஆன்லைனில் பணம் வாங்கி விற்கும் கடை, 40 பொருள் வரை, 95 மணி, 7,200.

கோல்டு, பிளாட்டினம் என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முறுக்கு விற்கும் அக்காவுக்குப் பிளாட்டினம் என்றால் ஒன்றும் புரியாது, கல்லா என்றால் சொன்ன உடனே புரிகிறது, "எனக்குக் கல்லா வேணாம், ஆளுங்க போன் பண்ணினா போதும்" என்று அவரே தன் தேவையைச் சொல்லிவிடுகிறார்.

கல்லாவில் நிறையப் பேர் அடிபடுகிறார்கள், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். பணம் வாங்க எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டுவது), டூயிட்நவ் கியூஆர் (போனில் ஸ்கேன் செய்து கட்டுவது), கார்டு எல்லாம் வேண்டும் என்பார்கள். அதற்குப் பேமெண்ட் கேட்வே, அதாவது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவையின் கணக்கை வாடிக்கையாளர் பெயரில், அவருடைய நிறுவனப் பதிவு எண்ணிலும் வங்கிக் கணக்கிலும் திறக்க வேண்டும். அனுமதி வர நாளாகும், ஒரு பத்திரம் விடுபட்டால் இன்னும் நாளாகும். அந்தத் தாமதம் உங்கள் கணக்கில் சேரக் கூடாது என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். அப்புறம் பொருள் எண்ணிக்கை. 40 என்று சொல்லும்போது ஒரே சட்டைக்கு நான்கு அளவு, ஆறு நிறம் இருந்தால் அது ஒன்றா, இருபத்து நான்கா? நிறமும் அளவும் சேர்த்து மொத்தம் இத்தனை வரி என்று எழுதிவிட்டால் பிறகு வருத்தம் வராது. தபால் செலவும் அப்படித்தான், தீபகற்பத்துக்கு ஒரு கட்டணம், சபா சரவாக்குக்கு வேறு கட்டணம், எடைக்கேற்ப மாறும். இதை எல்லாம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

மூன்றிலும் சேராத ஒருவர் வந்தால்? சில சமயம் வெப்சைட்டே தேவைப்படாது. வீட்டில் கேக் செய்து தன் தாமானுக்குள்ளேயே (குடியிருப்புக்குள்ளேயே) விற்பவருக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் பிசினஸும் போதும், அதை அப்படியே சொல்லி அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பிய ஒரு அக்கா இரண்டு வருடம் கழித்துக் கடை திறந்தபோது நேராக என்னிடம்தான் வந்தார்.

4. மொழிக்குத் தனி விலை

இந்த ஊரில் ஒரு கடை என்றால் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வேண்டும் என்று கேட்பது இயல்பு. "அதே தளம்தானே, எழுத்தை மட்டும் மாத்தினா போதும்" என்பார்கள். அப்படி இல்லை என்பதைத் தமிழில் ஒரு தளமாவது செய்தவருக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் "கால் அஸ்" என்று இரண்டு சின்னச் சொல்லாக இருந்த பட்டன் தமிழில் "எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்" ஆகிறது. போனில் அது பட்டனை விட்டு வெளியே வழிகிறது, இல்லையென்றால் மூன்று வரியாக உடைந்து கீழே இருக்கும் படத்தை இடிக்கிறது. வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு அளந்து வைத்தது, தமிழில் மேல்வரி எழுத்தில் கீழே இறங்கும் வாலும் கீழ்வரி எழுத்தில் மேலே ஏறும் கொக்கியும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. மெனுவில் ஐந்து சொல் ஒரே வரியில் நின்ற இடத்தில் தமிழில் மூன்றுதான் நிற்கும். ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

வாடிக்கையாளர் தரும் தமிழ் எழுத்தும் ஒரு பிரச்சனை. பல வருடம் கடை நடத்துபவர்கள் பழைய நோட்டீஸ், கல்யாணக் கார்டு அச்சடித்த கோப்பைக் கொடுப்பார்கள். அது யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினியும் போனும் படிக்கும் பொது எழுத்து முறைக்கு) முந்தைய எழுத்துருவில் இருக்கும், திறந்தால் கேள்விக்குறியும் விசித்திர எழுத்துமாகத் தெரியும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும், இல்லையென்றால் ஒற்றும் கொம்பும் இடம் மாறி நிற்கும். தமிழ்க் கணினியில் முன்னால் நின்ற ஊர் இது, தமிழில் தட்டெழுதும் மென்பொருளான முரசு அஞ்சல் இங்கேதான் பிறந்தது. இந்த ஊர்த் தமிழ்க் கடையின் தளத்தில் எழுத்து உடைந்து கிடப்பதை என்னால் பார்க்க முடியாது, அதனால் இந்த வேலையை அவசரமாகச் செய்ய மாட்டேன், சும்மாவும் செய்ய மாட்டேன்.

ஐந்து பக்கத் தளத்துக்கு ஒரு கூடுதல் மொழி 12 மணி, 900 ரிங்கிட். மொழிபெயர்ப்பு இதில் சேராது. அதை வாடிக்கையாளர் தர வேண்டும் அல்லது மொழிபெயர்ப்பாளருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இதோடு இன்னொன்று. தளத்தில் ஃபார்ம் வைத்துப் பெயரும் போன் எண்ணும் வாங்கினால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 பற்றி யோசிக்க வேண்டும். தகவலை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எங்கிருந்தோ நகலெடுத்த ஆங்கிலப் பக்கத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போகும் தளங்களே அதிகம். இரண்டு மொழியிலும் அந்தப் பக்கத்தை உங்கள் பேக்கேஜில் சேர்த்து, சேர்த்திருப்பதை எடுத்தும் சொல்லுங்கள்.

5. அடங்காதவற்றை எழுதுங்கள்

பேக்கேஜில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்ன இல்லை என்று எழுதுவதுதான் உங்களைக் காப்பாற்றும். என் பட்டியலில் இருப்பவை: லோகோ, போட்டோ எடுப்பது, மொழிபெயர்ப்பு, ஃபேஸ்புக் விளம்பரம், கூகுளில் முதலிடம், மூன்றாவது சுற்றுத் திருத்தம், ஒப்படைத்து 30 நாளுக்குப் பிறகு வரும் மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே விலை போட்டு வையுங்கள். விலை இல்லாமல் "இது கிடையாது" என்று மட்டும் எழுதினால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், விலை இருந்தால் அது கடையில் இருக்கும் இன்னொரு பொருள்.

"திருத்தம்" என்ற சொல்லுக்கும் அர்த்தம் எழுதுங்கள். ஒரு சுற்று என்றால் எல்லா மாற்றத்தையும் ஒரே செய்தியில், ஒரே ஆள் அனுப்புவது. அண்ணன் ஒரு நிறம், தம்பி ஒரு நிறம், அப்பா ஒரு நிறம் சொன்னால் யார் சொல் கடைசி என்று முன்பே பெயர் எழுதி வாங்குங்கள். குடும்பக் கடைகளில் இது ரொம்ப முக்கியம்.

அவசரத்துக்கும் ஒரு வரி வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பந்தல் போட ஆரம்பிக்கும் நேரத்தில்தான், ஆன்லைன் கடை வேண்டும் என்று போன் வரும். அந்த நேரத்து வேலைக்கு நான் 30 விழுக்காடு கூடுதல் வாங்குகிறேன், அதுவும் கையில் ஏற்கெனவே இருக்கும் வேலையைப் பாதிக்காது என்றால் மட்டும்.

6. பராமரிப்பில்தான் வயிறு நிறையும்

தளத்தைச் செய்து கொடுத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடி ஓடினால் ஒவ்வொரு மாதமும் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் முதல் தேதியே கொஞ்சம் பணம் நிச்சயம்.

நான் தருவது: டொமைன் புதுப்பிப்பு, ஹோஸ்டிங், வாராந்திர பேக்கப், வேர்ட்பிரஸும் அதன் துணை மென்பொருள்களான பிளகின்களும் புதுப்பிப்பது, மாதம் ஒரு முறை ஃபார்மில் நானே ஒரு செய்தி அனுப்பிப் பார்ப்பது, ஒரு மணி நேரத்துக்குள் முடியும் சின்ன மாற்றங்கள். ஃபார்ம் சோதனை சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் ஹோஸ்டிங் பக்கம் ஏதோ மாறியதில் ஃபார்ம் மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவிட்டது. திரையில் "நன்றி, விரைவில் தொடர்பு கொள்வோம்" என்று வழக்கம் போல வந்துகொண்டுதான் இருந்தது. மூன்று வாரம் வந்த விசாரணைகள் ஒன்றும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன், அன்றிலிருந்து மாதாமாதம் எல்லாத் தளத்திலும் சோதிக்கிறேன்.

கணக்கு: மாதம் ஒன்றரை மணி, வருடம் 18 மணி, 1,170 ரிங்கிட். ஹோஸ்டிங்கும் டொமைனும் 350. கூட்டினால் 1,520, மாதம் 130 என்று வைத்தால் வருடம் 1,560. இருபது பேர் இருந்தால் 31,200 வரும், செலவு 7,000 போனாலும் 24,200 நிற்கும். நமக்கு வேண்டிய 60,000-இல் அது ஐந்தில் இரண்டு பங்கு. அதற்குப் போகும் 360 மணியைக் கழித்தால் மீதி 560 மணி, அதாவது மாதத்துக்கு ஒரு புதிய "கடை" பேக்கேஜ் கிடைத்தால் போதும்.

ஹோஸ்டிங்கை டாலரில் கட்டுபவர்கள் கொஞ்சம் இடம் விட்டு விலை வையுங்கள். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறத்தாழ 4.80 ரிங்கிட்டுக்குப் போனது, அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 4.12 அளவுக்கு இறங்கியது. அதோடு வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளின் மேல் 8 விழுக்காடு சேவை வரியும் பில்லில் சேர்ந்து வரும்.

டொமைனை எப்போதும் வாடிக்கையாளர் பெயரில்தான் பதிவு செய்யுங்கள். டாட் காம் டாட் எம்ஒய் வாங்க அவருடைய நிறுவனப் பதிவு எப்படியும் தேவைப்படும். உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்போடுவது அடுத்தவர் கடைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவதற்குச் சமம்.

7. விலையைச் சொல்லும் நேரம்

போனில் விலை கேட்டால் நான் மூன்று பேக்கேஜின் தொடக்க விலையையும் சொல்லிவிடுவேன், மறைக்க மாட்டேன். முதல் பேக்கேஜுக்கே முடியாதவர் அங்கேயே சொல்லிவிடுவார், இருவருக்கும் நேரம் மிச்சம். நேரில் போகும்போது விலைக்கு முன்னால் கேள்விகள்: இப்போது ஆட்கள் எப்படி உங்களைத் தேடி வருகிறார்கள், எந்தப் பொருளில் லாபம் அதிகம், போனில் திரும்பத் திரும்ப என்ன கேட்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் முகப்புப் பக்கம்.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்னால் ஒரு சேலைக் கடை. முதலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல். தே தாரிக் வாங்கி வைத்துவிட்டு, நான் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தார், பிறகு கல்லாவில் இருந்த கால்குலேட்டரை எடுத்து ஏதோ தட்டினார்.

"3,200 வெள்ளியா தம்பி? பக்கத்துக் கடைக்கு ஆயிரத்துக்கு முடிச்சுக் கொடுத்திருக்காங்களே."

"இருக்கலாம்ண்ணே. நீங்க எவ்வளவு வரைக்கும் போகலாம்னு நினைக்கிறீங்க?"

"ரெண்டாயிரத்து ஐநூறு."

"சரிண்ணே, முடிக்கலாம். அஞ்சு பக்கத்தை மூணாக்கிக்கலாம், படங்களை நீங்களே சரிபண்ணிக் கொடுத்துடுங்க, திருத்தம் ஒரு தடவைதான். 2,500-க்கு வந்துடும்."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். மூன்று பக்கம் என்றால் பட்டுச் சேலைக்குத் தனிப் பக்கம் போய்விடும். கடைப் பையனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார், பிறகு "வேணாம் தம்பி, அஞ்சும் இருக்கட்டும்" என்றார். அவர் 2,500-க்கே சரி என்று சொல்லியிருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் விலையில் குறைந்த 700-க்கு ஈடாக ஒன்பதரை மணி வேலையும் குறைந்திருக்கும்.

சொந்தக்காரர், கோயில், தமிழ்ப்பள்ளி விஷயம் வேறு. பாதி விலைக்குச் செய்தால் அவர்களுக்கும் நன்றி இருக்காது, நமக்கும் மனம் இருக்காது. ஒன்று முழு விலை, இல்லையென்றால் முழுதும் இலவசம். வருடத்துக்கு ஒரு இலவச வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் இன்வாய்ஸ் எழுதுங்கள், 3,200 என்று போட்டுக் கீழே முழுத் தள்ளுபடி காட்டுங்கள். என்ன மதிப்புள்ள வேலை என்று நிர்வாகக் குழுவுக்குத் தெரியட்டும்.

8. கொட்டேஷனும் பணம் வாங்கும் முறையும்

இரண்டு பக்கம் போதும். என்ன அடக்கம், என்ன அடங்காது, விலை, தேதி, 14 நாள் செல்லுபடி, கையெழுத்து. பணம் 50, 30, 20 என்று மூன்று தவணை. 3,200-க்கு 1,600 தொடங்கும் முன், 960 வடிவமைப்பை ஏற்றுக்கொண்டதும், 640 தளத்தை டொமைனில் ஏற்றும் முன். "ஏற்றிய பிறகு தர்றேன்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். டெபாசிட் வந்த நாள்தான் வேலை தொடங்கிய நாள்.

எழுத்தும் படமும் 30 நாளுக்குள் வரவில்லை என்றால் வேலை நிறுத்தி வைக்கப்படும், மறுபடி தொடங்க 300 ரிங்கிட் என்று ஒரு வரி சேருங்கள். இதை நான் இதுவரை இரண்டு முறைதான் வாங்கியிருக்கிறேன், ஆனால் அந்த வரி இருப்பதால் படங்கள் வந்துவிடுகின்றன.

பதிப்புரிமை (காப்பிரைட்) பற்றி நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி, ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், செய்யச் சொன்னவருக்கே போய்விடும். நீங்கள் ஒவ்வொரு தளத்திலும் திரும்பப் பயன்படுத்தும் உங்கள் சொந்தக் கோடும் டெம்ப்ளேட்டும் இருந்தால், அவை உங்களுடையவை, வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும் உண்டு என்று கொட்டேஷனில் தெளிவாக எழுத வேண்டும்.

வாட்ஸ்அப்பில் "ஓகே, ப்ரொசீட்" என்று வந்ததையும் பத்திரப்படுத்துங்கள், மின்னணு வணிகச் சட்டம் 2006 அப்படிப்பட்ட செய்திகளால் ஆகும் ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. கடைசித் தவணை வராமலே போனால் 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், படிவம் 198, வழக்கறிஞர் தேவையில்லை. நான் அதுவரை போனதில்லை, தேதி போட்ட நினைவூட்டல் கடிதம் வரைதான் போக வேண்டி வந்தது.

9. பதிவு, வரி

தொழில் தொடங்கி 30 நாளுக்குள் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் என்றால் வருடம் 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60. அவர்களுடைய ஈசிபிஸ் இணையத்தளத்திலேயே செய்யலாம். பதிவு எண் இல்லாமல் கொஞ்சம் பெரிய நிறுவனங்கள் பணம் போட மாட்டார்கள்.

வருமான வரிக்குப் படிவம் பி, கடைசித் தேதி ஜூன் 30. ரசீது, இன்வாய்ஸ் எல்லாம் ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு, ஆனால் 12 மாத வருமானம் 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் நீங்கள் பதிவு செய்து வசூலிக்க வேண்டும். பதிவு செய்யாமல் இன்வாய்ஸில் வரி என்று ஒரு வரி சேர்ப்பது தப்பு, அதைச் செய்யாதீர்கள்.

10. விலை ஏற்றுவதும் பிரிவதும்

வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரியில், முதல் படியில் போட்ட கணக்கை மறுபடி போடுங்கள். புதியவர்களுக்கு உடனே புதிய விலை. பழைய பராமரிப்பு வாடிக்கையாளருக்கு இரண்டு மாத அவகாசம். நான் அனுப்பும் செய்தி இவ்வளவுதான்: "வணக்கம் அண்ணே, மார்ச் மாதத்திலிருந்து பராமரிப்புக் கட்டணம் 130-இலிருந்து 145 ஆகிறது. போன வருடம் உங்கள் தளத்தில் 52 பேக்கப், 31 புதுப்பிப்பு, 9 மாற்றங்கள் செய்திருக்கிறோம், பட்டியல் இணைத்திருக்கிறேன். கேள்வி இருந்தால் கூப்பிடுங்கள்." பட்டியல் போகும்போது பேச்சு சுலபமாக முடிகிறது.

விட்டுப் போக நினைப்பவரைப் பிடித்து வைக்காதீர்கள். ஏழு நாளுக்குள் டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, வேர்ட்பிரஸ் நிர்வாகக் கணக்கு, கடைசி பேக்கப், சந்தா எப்போது முடிகிறது என்ற தேதிகள், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் கையில் வாங்கியதும் உங்கள் பக்கம் இருக்கும் கடவுச்சொற்களை அழித்துவிட்டு, அழித்த தேதியை அவருக்கு ஒரு செய்தியில் அனுப்புங்கள்.